குளிர வைத்துக் கொல்லாதீர்கள்! நைட்ரோ இன்ஜின் கேள்வி–பதில்

சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: புதிதாக வாங்கிய ஆர்.சி. (ரிமோட்டில் ஓட்டும்) காரின் நைட்ரோ இன்ஜினை, அதாவது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் குட்டி இன்ஜினை, முதல் ஐந்தாறு டேங்க் ஓட்டிப் பழக்குவதற்குள் படும் பாடு. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கே: 1/10 அளவு கார், 18 இன்ஜின் (3 சி.சி.). பெட்டியைப் பிரித்து முதல் தடவை கயிறு இழுத்தால் பாதியிலேயே நிற்கிறது. பிளையர் போட்டு ஃபிளைவீலை (இன்ஜினோடு சுழலும் சக்கரம்) சுற்றினால் ஓரிடத்தில் ‘கீச்’ என்று பிடிக்கிறது. ஜாம் ஆன இன்ஜினை என் தலையில் கட்டிவிட்டார்களா?
– வாசகர், அஸ்தம்பட்டி

ப: இல்லை. பிடிக்காமல் வழவழவென்று சுற்றியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இந்த வகை இன்ஜினில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. அலுமினிய பிஸ்டன், அது ஏறி இறங்கும், உள்ளே குரோம் பூசிய பித்தளைக் குழலான ஸ்லீவ், அவ்வளவுதான். ஸ்லீவின் துளை கீழே சற்று அகலம், மேலே போகப் போகக் குறுகல்; வித்தியாசம் ஒரு தலைமுடியின் கனம்கூட இராது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்தக் குறுகலில் போய் இறுகுவதைத்தான் ‘பிஞ்ச்’ என்கிறார்கள். ரிங் இல்லாத இன்ஜினுக்குக் கம்ப்ரஷன் தருவதே அதுதான். இன்ஜின் சூடேறியதும் ஸ்லீவின் மேல்பகுதி விரிந்து இறுக்கம் தளரும். ஆறிக் கிடக்கும் புது இன்ஜினில் அந்த விரிவு இல்லை. நீங்கள் கேட்ட ‘கீச்’ அதன் சத்தம்.

ஆகவே ஆறிய இன்ஜினோடு மல்லுக்கட்டாதீர்கள். கயிறு அறுந்தால் சின்ன நஷ்டம், கனெக்டிங் ராடு நெளிந்தால் பெரிய நஷ்டம். ஹேர் டிரையரை ஹெட்டுக்கு (இன்ஜினின் மேல்மூடி) நேரே ஐந்தாறு நிமிடம் பிடியுங்கள். ஹெட் 70, 80 டிகிரிக்கு வர வேண்டும். விரலை வைத்தால் உடனே எடுத்துவிடும் சூடு. டேங்க் பிளாஸ்டிக் என்பதை மறந்து அதன்மேல் காற்றை விடாதீர்கள். எரிபொருளை ஊற்றும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. பிறகு ஹெட்டில் திருகியிருக்கும், எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கை முக்கால் சுற்றுத் தளர்த்தி, நான்கைந்து தடவை மெதுவாக இழுத்து, எளிதாகச் சுற்றுகிறது என்று தெரிந்ததும் மறுபடி இறுக்குங்கள். கயிற்றை முழு நீளத்துக்கு இழுக்கவே கூடாது. ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றேகால் சாண், சுருக் சுருக்கென்று.

பிளையருக்கு மட்டும் ஒரு குட்டு. ஃபிளைவீலில் பல் பதியும், நழுவினால் கிளட்ச் பக்கமும் சேதம். தடித்த துணியைச் சுற்றிக் கையால் திருப்புங்கள்.

இன்னொன்று. எரிபொருள் ஊற்றி, பத்துப் பதினைந்து தடவை இழுத்த பிறகு கயிறு திடீரென்று கல்லாக நின்றால் அது பிஞ்ச் இல்லை, உள்ளே எரிபொருள் தேங்கிவிட்டது. திரவத்தைப் பிஸ்டனால் நசுக்க முடியாது. பிளக்கைக் கழற்றி, காரைக் கவிழ்த்து, துளைக்கு முன்னால் முகத்தை வைக்காமல் ஆறேழு தடவை இழுங்கள். பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். பிளக்கைத் துடைத்துப் போட்டு, தொடங்குங்கள்.

கே: இக்னைட்டர் (குளோ பிளக்கைச் சூடாக்கும் பேட்டரிக் கருவி) மாட்டியிருக்கும்வரை நன்றாக ஓடுகிறது. கழற்றிய மறுநொடி அணைகிறது. பிளக் மாற்றியும் பார்த்துவிட்டேன்.
– கல்லூரி மாணவர், ஓமலூர்

ப: எப்படி அணைகிறது என்று காதால் கேளுங்கள். ‘ங்ங்ங்’ என்று வேகம் ஏறி அணைந்தால் பட்டினி, எரிபொருள் போதவில்லை. ‘தொப தொப’வென்று புகையோடு இறங்கி அணைந்தால் வயிறு முட்டல், எரிபொருள் அதிகம். புது இன்ஜினில் பத்துக்கு எட்டு இரண்டாவது ரகம்.

குளோ பிளக்கின் சுருள் பிளாட்டினம் கலந்தது. சூடான பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் ஆவி பட்டால் அங்கேயே வினை நடந்து சூடு பிறக்கும். அந்தச் சூடும் எரிப்பின் சூடும் சேர்ந்துதான், பேட்டரி போன பிறகும் சுருளைச் சிவப்பாக வைத்திருக்கின்றன. இன்ஜின் ஆறியிருந்து, எரிபொருளும் ஈரமாக வந்து விழுந்தால் சுருள் ‘சொய்ங்’ என்று அணைந்துவிடும். எனவே ஹெட் 80 டிகிரியைத் தொடும்வரை இக்னைட்டரை எடுக்காதீர்கள். நாற்பது நொடியானாலும் ஒரு நிமிடமானாலும் பரவாயில்லை. த்ராட்டிலைச் சிறிது சிறிதாகத் தட்டிக்கொடுங்கள். அதன் பிறகும் அணைந்தால் ஹை ஸ்பீடு நீடிலை, அதாவது கார்புரேட்டரில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருகை, வலப்பக்கம் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) சுற்று மூடுங்கள். வலம் மூடல், இடம் திறப்பு. எந்த நீடிலானாலும் இதே கணக்கு.

பிளக்கைச் சோதிப்பதும் எளிது. வெளியே எடுத்து இக்னைட்டரில் மாட்டினால் சுருள் முழுவதும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். மங்கிய சிவப்பு என்றால் பிளக்கைத் திட்டாதீர்கள், இக்னைட்டருக்குள் இருக்கும் 1.2 வோல்ட் பேட்டரிதான் இறங்கியிருக்கும். வீட்டில் 12 வோல்ட் பேட்டரி சும்மா கிடக்கிறதே என்று அதில் தொட்டால் ஒரு மின்னல், ஒரு பிளக் காலி.

கே: முதல் மூன்று டேங்கைக் காரைத் தூக்கி வைத்து ஐடிலிலேயே (த்ராட்டில் கொடுக்காமல்) எரித்துவிடு, நீடிலை நன்றாகத் திறந்து வை, ஹெட் கையால் தொடும் சூட்டைத் தாண்டக் கூடாது என்றார் நண்பர். அப்படியே செய்தேன். 60 டிகிரியைத் தாண்டவே இல்லை. இப்போது கம்ப்ரஷன் தளர்ந்ததுபோல் இருக்கிறது. என்ன தவறு?
– வாசகர், ஐந்து ரோடு, சேலம்

ப: நண்பர் சொன்னது ரிங் வைத்த மாடல் விமான இன்ஜின்களுக்குப் பொருந்தும் பழைய வழக்கம். குறுகலான ஸ்லீவ் வைத்த கார் இன்ஜினுக்கு அது விஷம். இந்த இதழுக்கு வந்த புகார்களில் பாதி இந்த ஒரு யோசனையால் வந்தவை என்பதால் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

60 டிகிரியில் ஸ்லீவ் போதிய அளவு விரிவதில்லை. நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை பிஸ்டன் அந்தக் குறுகலில் மோதி மோதி மீள்கிறது. எண்ணெய் எவ்வளவு குளிப்பாட்டினாலும் அலுமினியம்தான் தேயும், ராடுதான் அடி வாங்கும். ஓடித் தேய வேண்டிய அளவு கொஞ்சமே. அதைச் சரியான சூட்டில் தேய விட வேண்டும். சூடு இல்லாமல் ஓட்டினால் பிஞ்ச் முழுவதும் கரைந்து, பிறகு சூடானதும் பிடிப்பே இல்லாத இன்ஜின் கையில் மிஞ்சும்.

செய்ய வேண்டியது இதுதான். எரிபொருள் நைட்ரோ 16 அல்லது 20 சதவீதம், கையேடு சொல்வதையே கடைசிவரை. ஹை ஸ்பீடு நீடில் கையேட்டு அளவிலிருந்து கால் சுற்று கூடுதலாகத் திறந்திருக்கட்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் ஐடிலில் கார்புரேட்டர் வாய் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். ஹேர் டிரையரால் சூடேற்றி, ஸ்டார்ட் செய்து, காரைத் தரையில் விடுங்கள். தூக்கி வைத்துச் சுற்ற விடுவதில் சுமை இல்லை. சுமை இல்லாமல் சூடு ஏறாது. தார் அல்லது சிமென்ட் தரையில், பாதி த்ராட்டிலுக்கு மேல் போகாமல், ஏற்றி இறக்கி இரண்டு நிமிடம். வந்ததும் ஹெட்டின் சூட்டைப் பாருங்கள். 90க்கும் 105க்கும் நடுவில் இருந்தால் சரி. 90க்குக் கீழே என்றால் அரைக்கால் சுற்று மூடுங்கள். 110ஐத் தாண்டினால் அரைக்கால் திறவுங்கள். அணைத்து, ஃபிளைவீலைத் திருப்பிப் பிஸ்டனை அடிக்குக் கொண்டுவந்து வைத்து, முழுவதும் ஆற விடுங்கள். பிஸ்டனை உச்சியில் விட்டால் ஆறிச் சுருங்கும் ஸ்லீவ் அதைக் கவ்விக்கொள்ளும். சேலத்துச் சித்திரை வெயிலில் ஆறுவதற்கு அரைமணி பிடிக்கும். அவசரப்படாதீர்கள், மோர் குடித்துவிட்டு வாருங்கள்.

ஆறியதும் மறுபடி சூடேற்றல், மறுபடி இரண்டு நிமிடம். 75 சி.சி. டேங்க் ஒன்றில் இப்படி மூன்று நான்கு சுற்று வரும். இரண்டாவது, மூன்றாவது டேங்கில் மூன்று நான்கு நிமிட ஓட்டம், முக்கால் த்ராட்டில்வரை. நான்காவதில் இடையிடையே இரண்டு நொடி முழு த்ராட்டில் கொடுத்து உடனே விடலாம். ஒவ்வொரு டேங்குக்கும் நீடிலைக் கடிகாரத்தின் ஒரு மணி அளவு, அதாவது ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் மூடிக்கொண்டு வாருங்கள். ஆறு டேங்க் முடிந்தால் 450 மில்லி எரிந்திருக்கும். அவ்வளவுதான் செலவு. இந்த ஆறு டேங்க் முழுக்க சைலன்சரிலிருந்து நீலம் கலந்த புகைக்கோடு தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். புகை நின்றால் வண்டியும் நிற்கட்டும்.

உங்கள் இன்ஜின் பிழைக்குமா? ஆறிய நிலையில், பிளக் மாட்டியபடி, ஃபிளைவீலைக் கையால் திருப்புங்கள். உச்சியில் இன்னும் எதிர்த்துத் துள்ளினால் பயமில்லை, மேலே சொன்னபடி தொடருங்கள். எதிர்ப்பே இல்லாமல் உருண்டு போனால், பிளக்கின் செப்பு வாஷர் இருக்கிறதா, ஹெட் ஸ்குரூக்கள் இறுகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை சரி என்றால் பிஸ்டன்–ஸ்லீவ் ஜோடியை மாற்றுவதுதான் வழி. தனித்தனியாக மாற்றாதீர்கள், ஜோடி சேர்த்துக் கடைந்தவை அவை.

கே: தெர்மாமீட்டர் இல்லை. வேறு வழி?
– வாசகர், கன்னங்குறிச்சி

ப: ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர். மூன்று முதல் ஐந்து நொடி கொதித்து ஆவியானால் சரியான சூடு. சும்மா உட்கார்ந்திருந்தால் சூடு பற்றாது. பட்ட மாத்திரத்தில் ‘ச்சஸ்’ என்று காணாமல் போனால் அணைத்துவிடுங்கள். ஆனாலும் துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் மானி ஒன்று வாங்கி வையுங்கள். அதைப் பளபளக்கும் ஹெட்டின் மேல் காட்டினால் குறைத்துத்தான் காட்டும். நேர் மேலிருந்து, பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் காட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே தூரம்.

கே: சேலத்தில் அருமையாக ஓடிய கார் இங்கே மலைமேல் வந்ததும் புகை கக்குகிறது, இழுவை இல்லை, ஐடிலில் அணைகிறது. நான்கு டேங்க் ஆகியிருக்கிறது. இன்ஜின் கெட்டுவிட்டதா?
– காபி எஸ்டேட் வாசகர், நாகலூர், ஏற்காடு

ப: இன்ஜின் கெடவில்லை, காற்றுதான் மாறிவிட்டது. சேலம் டவுன் கடல்மட்டத்துக்கு மேல் 280 மீட்டர் சுமார். ஏற்காடு 1,500 மீட்டர் சுமார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு இறங்கிவிடுகிறது. மேலே குளிர் என்பதால் காற்று சற்று அடர்ந்து ஒரு பகுதியை ஈடுகட்டும். அப்படியும் இன்ஜினுக்குள் போகும் காற்று பத்து சதவீதம் அளவுக்குக் குறைவு. நீடிலின் திறப்போ சேலத்தில் வைத்த அதே திறப்பு. எரிபொருள் மிகுந்து போவதில் ஆச்சரியம் என்ன?

ஹை ஸ்பீடு நீடிலை அரைக்கால் சுற்று மூடி ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். இன்னும் தொப தொப என்றால் மறுபடி ஒரு மணி அளவு. சூடு 95, 100க்கு வந்ததும் நிறுத்திக்கொண்டு, அடுத்துத்தான் ஐடிலுக்கான லோ ஸ்பீடு நீடில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டருக்கு அருகே எரிபொருள் குழாயை விரலால் நசுக்குங்கள். வேகம் லேசாக ஏறி, இரண்டு முதல் நான்கு நொடிக்குள் அணைந்தால் சரி. நசுக்கியதும் அணைந்தால் லோ ஸ்பீடு மூடிக் கிடக்கிறது. ஐந்து நொடி தாண்டியும் ஓடினால் இன்னும் திறந்திருக்கிறது.

மார்கழி, தை காலைகளில் அங்கே ஹெட் சூடாவதே பெரும்பாடு. சமையலறை அலுமினியத் தாளை நீளவாக்கில் மடித்து ஹெட்டின் விசிறிப் பட்டைகளைச் சுற்றிப் பாதி மூடிவிடுங்கள். 90ஐத் தொட்டுவிடும். 105ஐத் தாண்டினால் கொஞ்சம் கிழித்து விடலாம். சேலத்தில் இந்த வித்தையைச் செய்து தொலைக்காதீர்கள்.

அதைவிட முக்கியம், இறங்கும்போது என்ன செய்வது என்பது. ஏற்காட்டில் கச்சிதமாக வைத்த நீடிலோடு சேலத்தில் ஓட்டினால், பத்து சதவீதம் கூடுதல் காற்று, தலைக்கு மேலே 38 டிகிரி வெயில், எரிபொருள் பற்றாக்குறை. ஏறும்போது நீடிலைத் தொட மறந்தால் புகைதான் வரும். இறங்கும்போது மறந்தால் பிஸ்டன் போகும். கிளம்புமுன் கால் சுற்றுத் திறந்துவிடுங்கள். கீழே போய் ஒரு மணி ஒரு மணியாக மூடலாம். இரண்டு ஊரின் அளவையும் நீடில் தலைக்குப் பக்கத்தில் மார்க்கரால் கோடிட்டு வையுங்கள். டேங்கையும் காலி செய்துவிடுங்கள். வளைவுகளில் வண்டி சாயச் சாய எரிபொருள் இன்ஜினுக்குள் இறங்கித் தேங்கும்.

குறைந்த காற்றால் குறைந்த சக்தியை நீடிலால் மீட்க முடியாது. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் 0.1 மில்லிமீட்டர் ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) ஒன்றை எடுத்துக் கம்ப்ரஷனைக் கூட்டுவார்கள். அது பழகிய இன்ஜினுக்கு. ஆறு டேங்க் முடியும்வரை ஷிம்மில் கை வைக்காதீர்கள். முடிந்தால் பழக்குவதை ஒரே ஊரில் முடித்துவிடுங்கள்.

கே: த்ராட்டிலை விட்டாலும் வேகம் உடனே இறங்குவதில்லை. இரண்டு மூன்று நொடி கத்திவிட்டு மெதுவாக ஐடிலுக்கு வருகிறது. நீடிலை எப்படித் திருப்பினாலும் நேற்று இருந்தது இன்று இல்லை.
– வாசகர், அம்மாபேட்டை

ப: நீடிலை விடுங்கள். எங்கோ காற்று திருடுகிறது. நீடிலைத் தாண்டி உள்ளே நுழையும் காற்றுக்குக் கணக்கே கிடையாது. எத்தனை தடவை டியூன் செய்தாலும் ஓடையில் போட்ட கோலம்தான்.

முதலில் டேங்க். கழற்றி, மூடியை மூடி, ஒரு குழாயை அடைத்து, மற்றதில் குழாய் வைத்து ஊதியபடி வாளித் தண்ணீரில் முக்குங்கள். மூடி ரப்பரிலிருந்து குமிழி வருவதே வழக்கம். அடுத்து எரிபொருள் குழாய். ஓடும்போது உள்ளே குமிழிகள் ஊர்ந்தால் ஊசித்துளை இருக்கிறது. தடவித் தேடுவதைவிட மாற்றிவிடுவது மலிவு. சைலன்சரிலிருந்து டேங்குக்கு அழுத்தம் கொண்டுபோகும் குழாய் கழன்றிருந்தாலும் இதே கோளாறு, முழு த்ராட்டிலில் இன்னும் மோசமாகத் தெரியும்.

இவை சரி என்றால் இன்ஜினேதான். ஆறிய இன்ஜினில் கார்புரேட்டர் கழுத்திலும், பின் தகட்டின் ஓரத்திலும், கார்புரேட்டர் ரப்பர் மடிப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, ஃபிளைவீலை மெதுவாகத் திருப்பினால் நுரை எழும் இடம் காட்டிக்கொடுக்கும். கார்புரேட்டர் கழுத்தில் ஓ ரிங் உண்டு. கார்புரேட்டரைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் பிடி ஸ்குரூவை இறுக்க வேண்டும். அழுத்தாமல் இறுக்கினால் ரிங் உட்காராது. புது இன்ஜினிலேயே பின் தகட்டு ஸ்குரூ நான்கும் தளர்ந்து வருவதுண்டு. சூடேறி ஆறியதும் எதிரெதிர் மூலையாக ஒரு முறை இறுக்கிவிடுங்கள்.

கே: இரண்டு டேங்க்குக்குள் மூன்று பிளக் போய்விட்டது.
– வாசகர், கொண்டலாம்பட்டி

ப: செத்த பிளக்கைத் தூக்கிப் போடாதீர்கள், கண்ணாடி வைத்துப் பாருங்கள். சுருள் நெளிந்து, வெளுத்து, சொரசொரப்பாக இருந்தால் எரிபொருள் பற்றாமல் ஓட்டியிருக்கிறீர்கள். திறவுங்கள். சுருளில் பளபளவென்று சின்னஞ்சிறு பொட்டுகள் ஒட்டியிருந்தால் அது பழகும் இன்ஜின் உதிர்க்கும் அலுமினியத் துகள். முதல் இரண்டு டேங்கில் இப்படி ஒரு பிளக் பலியாவது சகஜம். அதனால்தான் பழக்கும்போது விலை குறைந்த பிளக் போதும் என்கிறோம். சுருள் அறுந்து ஒரு துண்டைக் காணவில்லை என்றால் மட்டும் இன்ஜினைச் சுற்றாதீர்கள். காரைக் கவிழ்த்து, துளை வழியாக எரிபொருள் விட்டு அலசி, துண்டை வெளியேற்றிவிட்டுத்தான் மறுபடி கயிறு. நீங்கள் வாங்கியது உங்கள் ஹெட்டுக்கு உரிய வகைதானா என்பதையும் பாருங்கள். அடி சரிவாக இருக்கும் டர்போ பிளக்கும் வாஷர் வைத்த சாதாரண பிளக்கும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது.

கே: சைலன்சரிலிருந்து கறுப்பாக எண்ணெய் வழிகிறது.
– வாசகர், சூரமங்கலம்

ப: முதல் இரண்டு டேங்க் என்றால் வழியட்டும். நான்காவதிலும் சாம்பல் கறுப்பாகவே வந்தால், துடைத்த துணியை வெயிலில் காட்டுங்கள். மினுமினுத்தால் உலோகம் தேய்கிறது. மேலே சொன்ன சூட்டுக் கணக்கு உங்களுக்கும்தான்.

கே: பெட்ரோலில் டூ–டி ஆயில் கலந்து ஊற்றினால் ஓடுமா?
– வாசகர், ஆத்தூர்

ப: ஓடாது. பெட்ரோல் ஆவி குளோ பிளக்கின் பிளாட்டினத்தோடு அந்த வினையைச் செய்யாது. ரப்பர் பாகங்கள் ஊறிக் கெடுவதுதான் கண்ட பலன்.

கே: ரெடிமேட் எரிபொருள் விலை அதிகம். மெத்தனால் வாங்கி, வீட்டு விளக்கெண்ணெய் கலந்து நானே தயாரிக்கலாமா?
– வாசகர், அயோத்தியாப்பட்டினம்

ப: வேண்டாம். தமிழ்நாட்டில் மெத்தனாலை உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான். வீட்டில் தண்ணீர் போலவே தெளிவாக இருக்கும் ஒரு கேன், பெயர்ச்சீட்டு இல்லாமல்! நினைத்தாலே பகீர் என்கிறது. ரெடிமேட் எரிபொருளிலும் பெரும்பங்கு அதுதான் இருக்கிறது. எனவே கம்பெனி டப்பாவிலேயே, பூட்டிய அலமாரியில். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு ஆகாது. ஊற்றும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால், நன்றாக இருக்கிறார் என்று காத்திருக்கக் கூடாது. விஷக் குறி தெரிய அரை நாளுக்கு மேலும் ஆகலாம். உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இது பற்றிக்கொண்டால் பகலில் தீ கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் ஈரச் சாக்கு ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

விளக்கெண்ணெய் விஷயம்: எரிபொருளிலும் ஆமணக்கு எண்ணெய் இருப்பதுண்டு, ஆனால் பிசின் நீக்கியது. ஆமணக்கு விளையும் சீமைக்காரருக்கு அந்தப் பிசுபிசுப்பைச் சொல்லித் தர வேண்டுமா? செக்கில் ஆட்டியதை ஊற்றினால் ஸ்லீவில் வார்னிஷ் பூசியதுபோல் காய்ந்துவிடும்.

கே: 16 சதவீத நைட்ரோவில் தொடங்கினேன். கடையில் 25தான் இருக்கிறது. நடுவில் மாற்றலாமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

ப: தவிர்க்க முடியாவிட்டால் மாற்றலாம், நீடிலைத் தொடாமல் அல்ல. ஒரு பங்கு மெத்தனால் எரிய எடைக்கணக்கில் ஆறரைப் பங்கு காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு ஒன்றே முக்கால் பங்கு போதும், ஆக்சிஜனைத் தன்னோடு கொண்டு வருகிறது. அதனால் நைட்ரோ கூடினால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் கேட்கும். கால் சுற்றுத் திறந்து தொடங்குங்கள்.

கே: மைதானத்தில் ஓட்டிப் பழக்கலாமா? வீட்டுப் பக்கம் நல்ல மண் திடல் இருக்கிறது.
– வாசகர், கருப்பூர்

ப: மேக்னசைட் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மண் திடலா! அந்த வெள்ளைத் தூசும் செம்மண்ணில் கலந்த மணல் பொடியும் உள்ளே போனால், படிந்துகொண்டிருக்கும் பிஸ்டனை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி. முதல் ஆறு டேங்க் சிமென்ட் தரை. பிறகு திடலுக்குப் போனாலும் ஃபில்டர் நுரையில் ஃபில்டர் ஆயில் விட்டு, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுப் பிசைந்து, எல்லா இடமும் ஒரே நிறமாக ஊறிய பின் மாட்டுங்கள். உலர்ந்த நுரை சல்லடைதான், ஃபில்டர் இல்லை. ஃபில்டர் கழுத்தை ஜிப் டை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) போட்டு இறுக்குங்கள். மூன்று நான்கு டேங்குக்கு ஒரு முறை கழற்றி, கார்புரேட்டர் வாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். தூசு ஒட்டினால் ஃபில்டர் ஓரத்தில் ஒழுகுகிறது.

கே: இன்ஜினை எப்படி அணைப்பது? குழாயை நசுக்கினால் போதுமா?
– வாசகர், ஜாகீர் அம்மாபாளையம்

ப: பழகும் இன்ஜினுக்கு வேண்டாம். கடைசி நொடிகளில் எண்ணெயும் சேர்ந்து நின்றுபோகிறது. மடித்த தடித்த துணியால் சைலன்சர் வாயை அடையுங்கள், ஒரு நொடியில் நிற்கும். சைலன்சர் சுடும், துணி மெல்லியதாக இருக்கக் கூடாது.

கே: மூன்றாவது டேங்கோடு பரீட்சை வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து எடுத்தால் கயிறு அசையவே இல்லை. பிஸ்டனை அடியில்தான் வைத்திருந்தேன்.
– மாணவர், ஏற்காடு

ப: பிஸ்டன் அடியில் இருந்தும் பிடித்தது என்றால் எண்ணெய்ப் பிசின் காய்ந்திருக்கிறது அல்லது பேரிங் துருப்பிடித்திருக்கிறது. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உள்ளே மிச்சம் நின்ற எரிபொருளும் உங்கள் ஊர்ப் பனியும் ஒரு மாதம் சேர்ந்திருந்தால் வேறு என்ன நடக்கும்?

பிளக்கைக் கழற்றி, துளையில் ஐந்தாறு சொட்டு ஆஃப்டர் ரன் ஆயில் (ஓட்டி முடித்தபின் விடும் எண்ணெய்) விட்டு, ஹேர் டிரையரால் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். பிசின் என்றால் இளகி, துணி சுற்றிய ஃபிளைவீல் கையால் திரும்பும். முன்னும் பின்னும் ஆட்டியே விடுவியுங்கள், ஒரே பக்கமாக நெம்பாதீர்கள். திரும்பிய பிறகும் ‘கரகர’ என்று கையில் உணர்ந்தால் பேரிங். அதோடு ஓட்டினால் துருப்பொடி முழுவதும் பிஸ்டன்மேல்தான் போகும். பின் பேரிங்கை மாற்றிவிட்டு மிச்ச மூன்று டேங்கைத் தொடருங்கள்.

அடுத்த முறை நிறுத்தி வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, குழாயில் இருப்பது தீரும்வரை ஐடிலில் ஓட்டி, பிளக் துளையிலும் கார்புரேட்டர் வாயிலும் நான்கு நான்கு சொட்டு எண்ணெய் விட்டு, இக்னைட்டர் இல்லாமல் பத்துத் தடவை கயிறு இழுங்கள். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இதைச் செய்தால் எண்ணெய் பேரிங்வரை இறங்கும். எரிபொருள் டப்பாவின் மூடியையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். பாதி காலியாகி மாதக்கணக்கில் திறந்து மூடிய டப்பா என்றால், அதில் மிச்சமிருப்பதைப் புது இன்ஜினுக்கு ஊற்றாதீர்கள்.